சபுராளியின் வீட்டுக்கு யார் காவல்? – ஒரு வரலாற்றுப் பார்வை

 

பள்ளி விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தாருடன் அவர்களது வீட்டு வாசலில் நாம் நிற்க நேர்ந்தது. தெருவாசலில் போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே சென்று பார்த்தபோதுதான் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. கிணற்று மோட்டார் இல்லை. குளியலறைக் குழாய்கள் இல்லை. பரண்மேல் அடுக்கியிருந்த பித்தளைச் சாமான்கள் இல்லை. எந்த மாதத்தில் போயின என்று சொல்லவும் ஆள் இல்லை. அவ்வீட்டின் மூதாட்டி மோட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் உம்மா சீராகத் தந்த, ஈயம் பூசிய செப்புச் சஹன் ஒன்றைத் தேடித் தேடிக் கண் கலங்கினார். “பக்கத்து வீட்டிலகூடவா ஒரு சத்தம் கேக்கல?” என்று கேட்டார். அவருக்கு விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏனெனில் பக்கத்து வீடும் பூட்டித்தான் கிடந்தது. அதற்கடுத்த வீடும் அவ்வாறே.

பூட்டைத் தாண்டி ஒரு வீட்டைக் காப்பது எது என்னும் வினா அன்று நம் உள்ளத்தில் விழுந்தது. வரலாறு அதற்குத் தரும் விடைகளை இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

மக்காவில் பூட்டப்பட்ட வீடு

பூட்டிய வீட்டின் துயரம் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் (ரலி) அவர்களும் அவர்தம் சகோதரர் அபூ அஹ்மத் (ரலி) அவர்களும் குடும்பத்தார் அனைவரையும் அழைத்துக்கொண்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். மக்காவில் அவர்களது வீடு அடைக்கப்பட்டு ஆளற்று நின்றது. அவ்வழியே சென்ற குறைஷித் தலைவர்களுள் ஒருவரான உத்பா, குடியிருப்பார் எவருமின்றிக் கதவுகள் காற்றில் அடித்துக்கொள்வதைக் கண்டு பெருமூச்செறிந்தார் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் சீறா கூறுகிறது.

பின்னர் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத அபூ சுஃப்யான் அவ்வீட்டைக் கைப்பற்றி, வேறொருவருக்கு விற்றுவிட்டார். அவர் அந்நியர் அல்லர். அபூ அஹ்மத் அவர்களின் மனைவியைப் பெற்ற தந்தை. ஆளில்லாத வீட்டின்மேல் முதலில் நீண்ட கை உறவின் கையாகவே இருந்தது. ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 630) மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோதும் அவ்வீடு அவர்களுக்குத் திரும்பவில்லை. அல்லாஹ்வுக்காக இழந்ததை மீண்டும் கேட்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதறிந்து, அபூ அஹ்மத் (ரலி) அவர்களும் அப்பேச்சை விட்டுவிட்டார்கள்.

அதே ஹிஜ்ரத்தின் மற்றொரு காட்சியையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அதே ஊரார், தம் விலையுயர்ந்த பொருள்களை அவர்களிடமே அமானிதமாக ஒப்படைத்திருந்தனர். அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்கள் மூன்று இரவுகள் மக்காவில் தங்கினார்கள். உறவினரே இருந்தும் ஒரு வீடு பறிபோயிற்று. பகை மூண்டிருந்தும் அமானிதங்கள் ஒன்று குறையாமல் வீடு சேர்ந்தன. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு பூட்டின் வலிமை அன்று. பொறுப்பேற்று நின்ற ஒரு மனிதர்.

சட்ட நூலார் எடைபோட்ட விதம்

பொருள் தக்க காப்பில் இருந்ததா என்பதை நம் ஃபிக்ஹுக் கலை ‘ஹிர்ஸு’ என்னும் பெயரால் ஆராய்கிறது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலை ஓதிய நாள்களில், வீடுகளைப் பற்றிய அப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டுமே நாம் மனனம் செய்தோம். இன்று அதை எடுத்து வாசிக்கும்போது, நம் தெருக்களைப் பார்த்து எழுதியது போலவே தோன்றுகிறது.

ஊரைவிட்டுத் தனித்து நிற்கும் வீட்டில், விழிப்பும் வலிமையும் உடைய ஒருவர் இருந்தால்தான் அது காப்பிடம். ஆளில்லையேல் பூட்டியிருந்தும் காப்பிடம் ஆகாது. குடியிருப்புகளோடு சேர்ந்த வீடாயின், கதவடைத்து உள்ளே ஒருவர் உறங்கினாலும் அது காப்பிடமே. சேர்ந்த வீடாயிருந்தும் ஆளின்றிக் கிடந்தால்? கதவு அடைத்திருக்க வேண்டும், அமைதி நிலவும் காலமாக இருக்க வேண்டும், பகற்பொழுதாகவும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது காப்பிடம் அன்று.

பகலுக்கும் இரவுக்கும் இவ்வேறுபாடு ஏன்? பகலில் அண்டை அயலாரின் கண் இருக்கிறது. இரவில் அக்கண் உறங்கிவிடுகிறது. பூட்டு என்பது அயலாரின் கண்ணுக்குத் துணை நிற்பதேயன்றி அதற்கு மாற்று அன்று என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் கடலோர ஊர்களின் ஏற்பாடு

சபர் நம் கடலோர மக்களுக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர்கள் சிங்கப்பூரில் 1826-இலேயே சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கடல் கடந்த சபுராளிகள் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்தனர். அவ்வாறாயின் அவர்தம் வீடுகள் எவ்வாறு காக்கப்பட்டன?

விடை எளிது: வீடு பூட்டப்படவே இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுத்து, மணமகனை அவ்வீட்டிற்கே வரவழைக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஆகவே ஆண்மகன் கப்பலேறினாலும் அவன் மனைவி தன் உம்மாவுடனும் ராத்தா, தங்கைமாருடனும் தான் பிறந்த தெருவிலேயே இருந்தாள். காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறம் பெண்கள் நடமாடுவதற்கென்றே ‘முடுக்கு’ எனப்படும் ஒடுங்கிய சந்துகள் உண்டு. திரைமறைவுக்காக ஏற்பட்ட அவ்வழிகளே, வீட்டுக்கு வீடு ஓயாத போக்குவரத்தினால் கொல்லைப்புறங்களுக்குக் காவலாகவும் அமைந்தன என்று கருத இடமுண்டு. எந்நேரமும் ஒரு மாமியோ ஒரு பிள்ளையோ கடந்து செல்லும் சந்தில் தாழ்ப்பாளைப் பெயர்க்க எவன் துணிவான்?

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் வளைகுடாவின் கதவு அகலத் திறந்தது. தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே சென்றார்கள். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னர்க் குடும்பத்தோடு தங்கும் வசதி பலருக்கும் வாய்த்தது. பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னையில் குடியேறியோரும் பெருகினர். வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன, சுற்றுச்சுவர்களும் உயர்ந்தன, முடுக்குகளில் நடமாட்டம் குறைந்தது. பாடுபட்டுச் சேர்த்த செல்வத்தால் வீட்டைப் பெரிதாக்கிய நாம், அதன் காவலைச் சிறிதாக்கிவிட்டோம்.

ஊர்க்காவல் கற்பித்த பாடம்

தென் மாவட்டங்களில் பழங்காலத்தே ‘காவல்’ என்றொரு முறை இருந்தது. ஊர்க் காவல்காரர் அறுவடையில் ஒரு பங்கு பெற்றார். களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ, இயலாவிடில் அதன் மதிப்பை ஈடுசெய்யவோ கடமைப்பட்டிருந்தார். இம்முறையில் மிரட்டிப் பணம் பறித்தல் முதலிய குறைகளும் இருந்தன. பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிவுற்றபின் கும்பினியார் காவல் உரிமைகளைத் தம் வசமாக்கினர். 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் வந்தது. பொறுப்பு ஊரிலிருந்து காவல் நிலையத்திற்கு இடம் மாறியது.

அதன்பின் நேர்ந்த அநீதியை நாம் மறத்தலாகாது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடுஞ்சட்டத்தை ஆங்கில அரசு 1871-இல் பிறப்பித்து, 1911-இன் திருத்தத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தியது. பிறப்பை வைத்தே மனிதரைத் திருடர் என்று பதிந்து, கைரேகை பெற்று, இரவுதோறும் ஆஜராகச் சொன்னது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் ஈண்டு இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் தெருவில் ஒரு திருட்டு நடந்தவுடன், பழைய இரும்பு வாங்க வருபவர், வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர், தேங்காய் பறிப்பவர் ஆகியோரின் பெயர்களே முதலில் நம் நாவில் வருகின்றன. ஆதாரமின்றி ஓர் ஏழையைத் திருடன் என்பதும் ஒரு திருட்டே. அவன் மானத்தைத் திருடுவது. செப்புச் சஹனுக்கு விலை உண்டு. இதற்கு விலையே இல்லை.

இன்று நாம் செய்யத்தக்கவை

பழைய கூட்டுக் குடும்பங்களை மீண்டும் உண்டாக்க நம்மால் இயலாது. ஆனால் அவை செய்த வேலையை வேறு வழியில் செய்ய இயலும்.

முதலாவது, பொறுப்பாளர் ஒருவரை நியமித்துச் செல்லுங்கள். சாவியை மட்டும் கொடுப்பது போதாது. வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியலை இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கதவு திறந்து, கொல்லையைப் பார்த்து, வாசலில் சேரும் கடிதங்களை எடுக்கட்டும். அவருக்குரிய கூலியையும் மனங்கோணாமல் கொடுங்கள். பகலெல்லாம் எரியும் வாசல் விளக்கு ஆளில்லை என்பதைப் பறைசாற்றும் என்பதையும் நினைவில் கொள்க. அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாயின் பராமரிப்புக்கு மட்டும் கொடுங்கள். விற்கும் உரிமையைச் சேர்க்குமுன் அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் அவர்களின் வீட்டை ஒருகணம் நினையுங்கள்.

இரண்டாவது, நகைகளை வீட்டில் வைத்துச் செல்லாதீர்கள். வங்கிப் பெட்டகத்திலும் திருட்டு நேர்ந்தாலோ, ஊழியர் மோசடி செய்தாலோ வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை என்று ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு விதி வரையறுக்கிறது. எனினும் பரண்மேல் இருப்பதைவிட அது மேலானதே.

மூன்றாவது, புறப்படுமுன் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ரோந்து வரும் காவலர்கள் உங்கள் தெருவையும் பார்த்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். பயணச் செய்தியையும் விமான நிலையப் படங்களையும் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரப்பாதீர்கள். களவு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின்படி மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம்; ஆயினும் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும் என்பதால், ஊரிலுள்ள பொறுப்பாளர் மூலம் நேரில் கொடுப்பதே எளிது.

நான்காவது, கண்காணிப்புக் கேமரா வைப்போர் அது தம் வாசலையும் கொல்லையையும் மட்டும் பார்க்குமாறு அமையுங்கள். அயலார் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பது நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அதை மனிதக் கண் செய்தாலும் கண்ணாடிக் கண் செய்தாலும் ஒன்றே.

இறுதியாக, ஊரில் தங்கியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டின் வாசலை ஒருமுறை பார்த்துச் செல்லுங்கள். அதற்குச் செலவில்லை, சங்கமும் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்போரும் தமக்காகப் பார்க்கும் அந்த அயலாரை ஆண்டுக்கொருமுறை அல்லாமல் மாதந்தோறும் நலம் விசாரியுங்கள். விசாரிக்கப்படும் அயலாரின் காது இரவிலும் விழித்திருக்கும். அடுத்த முறை ஒரு மூதாட்டி, பக்கத்து வீட்டில் ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையா என்று வினவ நேர்ந்தால், “கேட்டது, ஓடி வந்தோம்” என்று சொல்ல நம் தெருவில் ஒருவராவது இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும், தொலைவிலிருந்து பாடுபடும் நம் சபுராளிகளையும் பாதுகாத்து, அமானிதம் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.