மண்டையோட்டுப் பெருஞ்செல் கட்டியில் டெனோசுமாப்: 2010ஆம் ஆண்டு ஆய்வின் மறுவாசிப்பு

பெருஞ்செல் எலும்புக் கட்டி பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளில் தோன்றுவது. மண்டையோட்டில் மிக அரிது. அங்கு வந்தால் ஸ்பீனாய்டு எலும்பையோ பொட்டெலும்பையோ பற்றுவதே வழக்கம். ஸ்பீனாய்டில் பார்வை நரம்பும் கரோட்டிட் தமனியும் கட்டியை ஒட்டியே ஓடுவதால் முழுவதுமாக அகற்றுவது பல வேளைகளில் இயலாது. அத்தகைய இடத்தில் டெனோசுமாப் ஊசிக்கு வரவேற்பு கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த வரவேற்பு 2010இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த ஓர் ஆய்வின் மீது அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 37 பேர். மதிப்பிட முடிந்த 35 பேரில் 30 பேருக்கு, அதாவது 86 விழுக்காட்டினருக்கு, மருந்து பலனளித்தது என்பது அதன் முடிவு. பின்வந்த எழுத்துகளில் இந்த எண் கட்டி அழிந்ததற்கான சான்றாகவே கையாளப்படுகிறது. 'பலன்' என்று அங்கு எது கொள்ளப்பட்டது என்பதைப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்காது. பெருஞ்செல்களில் 90 விழுக்காடாவது மறைந்திருக்க வேண்டும். அல்லது 25ஆம் வாரம் வரை படங்களில் கட்டி வளராதிருக்க வேண்டும். திசு கிடைத்த 20 பேரும் முதல் அளவுகோலில் தேறினர். எஞ்சிய 15 பேரில் 10 பேருக்குக் கட்டி வளரவில்லை.

மறைந்த செல்களோ கட்டியின் வேர் அல்ல. புற்றுத்தன்மை ஸ்ட்ரோமாச் செல்களுக்கு உரியது, ஹிஸ்டோன் எச்3.3 மரபணுப் பிறழ்வு அவற்றிலேயே இருப்பது 2013இல் உறுதியானது. அவை வெளிப்படுத்தும் ரேங்க்-எல் புரதமே பெருஞ்செல்களை உருவாக்குகிறது. டெனோசுமாப் அப்புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெருஞ்செல்கள் மறைந்ததை வைத்துக் கட்டி அழிந்தது என்பது, விருந்தாளிகள் கலைந்ததைக் கண்டு வீட்டுக்காரரும் போய்விட்டார் என்பது போல. குறை ஆய்வாளர்களுடையதன்று, அந்த எண்ணை இடம்பெயர்த்தவர்களுடையது.

மருந்துக்குப் பின் எடுத்த திசுவே இதற்குச் சாட்சி. பெருஞ்செல்கள் இருந்த இடத்தில் ஒழுங்கற்ற புது எலும்பு இழைகள் காணப்படும். அவற்றின் இடுக்குகளில் அந்த ஹிஸ்டோன் பிறழ்வைக் காட்டும் ஜி34டபிள்யூ எதிர்ப்புரதச் சாயம் ஏறிய உட்கருக்கள் இருக்கும். நோயாளி ஊசி போட்டுக்கொண்டது தெரியாத நோய்க்குறியியலாளர் இதை ஆஸ்டியோசார்கோமா என எழுதிவிடவும் கூடும்.

கை கால் எலும்புகளில் இதன் விளைவு ஏற்கெனவே தெரிகிறது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பில், டெனோசுமாப் தந்தபின் கட்டியைச் சுரண்டி எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கு அது மீண்டும் வந்தது. மருந்தின்றிச் சுரண்டியவர்களில் 16 விழுக்காடு. மோசமான கட்டிகளுக்கே மருந்து தரப்பட்டது என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. மருந்து பெற்ற குழுவும் சிறியது. எனினும் கட்டிச் செல்கள் புது எலும்புக்குள் புதைந்துகொள்கின்றன என்பதை அந்த மறுப்பு தொடுவதேயில்லை. மண்டையோட்டின் அடித்தளத்தில் சிக்கல் கூடுதல். மென்மையாக உறிஞ்சி எடுக்கக்கூடிய திசு, பார்வை நரம்புக் குழாயின் அருகே துளைக்கருவியால் குடைய வேண்டிய எலும்பாகிவிடுகிறது. ஆகவே அகற்றக்கூடிய கட்டிக்கு அறுவைக்கு முன் வழக்கமாக இம்மருந்தைத் தருவதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

அகற்ற முடியாததற்கும் எஞ்சியதற்கும் நிலை வேறு. இரட்டைப் பார்வை குறைந்ததாக வந்துள்ள தனிநோயர் அறிக்கைகளை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கு மருந்து செய்வது நீண்ட காலக் கட்டுப்பாடு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் தந்த ஒப்புதலும், அகற்ற முடியாத அல்லது அறுவையால் கடும் பாதிப்பு வரக்கூடிய கட்டிகளுக்கே. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 120 மி.கி.; முதல் மாதத்தில் 8, 15ஆம் நாட்களில் கூடுதல் ஊசி. தொடங்குமுன் பாராதைராய்டு ஹார்மோனை அளந்துவிட வேண்டும்: அது மிகுவதால் வரும் பழுப்புக் கட்டி நுண்ணோக்கியில் இதே தோற்றம் காட்டும், ஆனால் அதற்கான சிகிச்சை கழுத்தில் இருக்கிறது. பல் பரிசோதனையும் முன்னதாகவே தேவை. தாடை எலும்பு செத்துப்போவது நீண்ட பயன்பாட்டின் அறியப்பட்ட விளைவு. ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரலாம். வளரும் வயதினருக்கு, நிறுத்திய சில மாதங்களில் இரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. இடைவெளியை எட்டு அல்லது பன்னிரண்டு வாரமாக நீட்டும் முறை சில மையங்களில் கையாளப்படுவது இந்த இரு பக்க ஆபத்தையும் கருதியே.