புழுவின் நரம்புகளும் வண்ணப் பேனாக்களும்

ஒரு நரம்பணு மற்றொன்றைச் சந்திக்கும் இடத்திலுள்ள இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கிக்கோ 200 நானோமீட்டருக்குக் கீழே யாவும் மங்கல். 1931இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் பெர்லினில் அமைத்த எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழிவந்த கருவிகளே, 1950களில் அந்த இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டின. எனினும் ஓர் இடர் இருந்தது. எலக்ட்ரான் கற்றை ஊடுருவ வேண்டுமெனில் திசுவை மிக மெல்லிய சீவல்களாக அரிய வேண்டும். அரிந்ததை மீண்டும் கோப்பது எப்படி? இவ்வினாவே கணினியை இப்பணிக்குள் அழைத்து வந்தது.

கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சிட்னி பிரென்னர், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே கொண்ட சி. எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவைத் தேர்ந்தார். நிக்கல் தாம்சன் சீவல்களை அரிந்தார். படங்களைக் கணினியில் ஏற்றி நரம்புகளைப் பின்தொடரும் பொறுப்பு ஜான் வைட்டுக்கு. 'மாடுலர் ஒன்' என்ற கணினியை வாங்கி, அதற்கான நிரல்களையும் அவர்களே எழுதினர். ஆனால் அக்காலக் கணினியின் திறன் அப்பணிக்குப் போதவில்லை. இறுதியில் வைட்டும் ஐலீன் சவுத்கேட்டும் ஆயிரக்கணக்கான படஅச்சுகளைப் பரப்பி, வண்ணப் பேனாவால் ஒவ்வொரு நரம்புக்கும் அடையாளமிட்டுச் சென்றனர். கணினிக்கென வகுத்த வேலையைக் கண்ணும் கையும் செய்து முடித்தன.

1986இல் வெளியான அவர்களது 340 பக்க ஆய்வேடு 302 நரம்பணுக்களையும், சுமார் 5000 வேதிச் சந்திப்புகளையும் வரைந்து காட்டியது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

2024இல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியாயிற்று, நரம்பணுக்கள் 1,39,255. இம்முறை நரம்புகளைப் பின்தொடர்ந்தது செயற்கை நுண்ணறிவு. கணினி வென்றுவிட்டது எனலாமா? அவசரப்பட வேண்டியதில்லை. இயந்திரம் தவறாக இணைத்ததையும் அறுத்ததையும் பல நாட்டு ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ஆண்டுக்கணக்கில் திருத்தினர். அப்பணிக்கு அவர்கள் இட்ட பெயர், நம் அச்சகங்கள் நன்கறிந்த 'மெய்ப்புத் திருத்தம்' என்பதே.

அறிவியல் வரலாற்றை வெற்றிகளின் வரிசையாகவே படித்துப் பழகிவிட்டோம். பிரென்னரின் பெயரை நாம் அறிவோம். அவர் 2002இல் நோபல் பெற்றவர். கணினி கைவிட்ட இடத்தில் பேனாவை எடுத்த சவுத்கேட்டின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?