ஐஸ்கசி சேமிப்பகத்தில் வாசிப்பு வேகக் குறைவு

ஐஸ்கசி என்பது, வேறோரிடத்தில் இருக்கும் வட்டை ஈதர்நெட் வலையமைப்பின் வழியாகக் கணினிக்குள்ளேயே பொருத்திய வட்டு போலக் காட்டும் நெறிமுறை. கோப்பாக அல்லாமல் பிளாக் பிளாக்காகத் தரவைக் கொடுத்து வாங்குவதால் இது பிளாக் சேமிப்பக வகையைச் சேர்ந்தது. கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ், எஸ்எம்பி ஆகியவற்றிலிருந்து வேறானது. வட்டைக் கேட்கும் கணினி இனிஷியேட்டர் என்றும், தரும் கருவி டார்கெட் என்றும், தரப்படும் ஒவ்வொரு வட்டும் லன் என்றும் வழங்கும். இவ்வகைச் சேமிப்பகங்களில் நிர்வாகிகளை மிகவும் அலைக்கழிப்பது வாசிப்பு வேகக் குறைவு. எழுதும்போது நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் ஓடும் இணைப்பு, படிக்கும்போது 10 மெகாபைட்டைத் தாண்டாமல் நிற்பதுண்டு. பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காரணம் அலைவரிசைப் பற்றாக்குறை அல்ல, காத்திருப்பு.

வரலாறு

ஐஸ்கசி சுமந்துசெல்லும் ஸ்கசி கட்டளைத் தொகுப்பின் வேர், ஷூகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் 1979-ல் தொடங்கிய சாசி என்னும் இணைப்புமுறை. அதன் வடிவமைப்பில் முதன்மையானவர் லாரி பௌச்சர். பின்னாளில் அடாப்டெக் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. 1986-ல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சி இதை ஸ்கசி என்ற பெயரில் தரமாக்கியது. அன்றைய ஸ்கசி ஒரே பெட்டிக்குள்ளோ பக்கத்துப் பெட்டிக்கோ ஓடும் சில மீட்டர் கேபிளுக்காக எழுதப்பட்டது. கேபிளில் கழியும் நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, எடுக்கவும் தேவையில்லை. ஒரு கட்டளை, ஒரு பதில், அடுத்த கட்டளை என்று அடங்கி நடக்கும் பயன்பாடுகள் அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை. அதே பழக்கத்தில் இன்றும் எழுதப்படுகின்றன. வாசிப்பு வேகக் கோளாறுகளில் பல இந்தப் பழக்கத்தின் மிச்சம்.

வட்டை வலையமைப்பின் மறுமுனையில் வைக்கும் எண்ணம் ஐஸ்கசியோடு பிறந்ததல்ல. 1980-களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் வட்டில்லாப் பணிநிலையங்களுக்கு என்டி என்ற பிளாக் நெறிமுறையைக் கொடுத்திருந்தது; என்எஃப்எஸ் வந்ததும் அது ஒதுங்கியது. 1994-ல் தரமான ஃபைபர் சேனல், ஸ்கசி கட்டளைகளைத் தனிக் கேபிள், தனி சுவிட்ச் கொண்ட வலையமைப்பில் ஏற்றியது. பெறுபவரிடம் இடம் இருப்பது உறுதியானால் மட்டுமே அனுப்புநர் அனுப்பும் முறை அதில் உண்டு. ஆகவே நெரிசலால் பாக்கெட் தொலைவது அங்கே அரிது. விலைதான் எட்டாக்கனி. லினக்ஸில் 1997-ல் பாவெல் மாகெக் எழுதிய என்பிடி, சாதாரண டிசிபி இணைப்பிலேயே பிளாக் சாதனத்தைக் கொண்டுசெல்ல முடியும் என்று எளிமையாகக் காட்டியது.

1990-களின் இறுதியில் ஐபிஎம் ஆய்வகங்களிலும் சிஸ்கோவிலும் நடந்த ஐஸ்கசி வேலை 2000-ஆம் ஆண்டில் இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப்பிடம் வரைவாக வந்தது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியன் சத்ரான். தரம் முடிவாகும் முன்பே, 2001-ல், ஐபிஎம்மும் சிஸ்கோவும் ஐஸ்கசிக் கருவிகளை விற்கத் தொடங்கிவிட்டன. மைக்ரோசாஃப்ட் தன் இனிஷியேட்டர் மென்பொருளை 2003 ஜூனில் இலவசமாக வெளியிட்டது. ஆர்எஃப்சி 3720 என்ற எண்ணில், 250 பக்கங்களைத் தாண்டிய ஆவணமாக, தரம் வெளியானது 2004 ஏப்ரலில். ஐஸ்கசிக்கு உரிய டிசிபி போர்ட் எண் 3260.

டிசிபியின் மேல் ஸ்கசியை ஏற்றுவது சரியா என்ற சர்ச்சை அப்போது பலமாக இருந்தது. பிராண்ட்லி கோயில் தொடங்கிய கோரெய்ட் நிறுவனம் டிசிபியையும் ஐபியையும் விட்டுவிட்டு ஈதர்நெட் சட்டகத்திலேயே வட்டுக் கட்டளையை வைக்கும் ஏஓஇ முறையை முன்வைத்தது. ரவுட்டரைத் தாண்ட முடியாத அந்த முறை குறுகிய வட்டத்துக்குள் நின்றுபோனதில் வியப்பில்லை. இன்னொரு சர்ச்சை, டிசிபி வேலையைத் தனிச் சில்லுக்குத் தள்ளும் அட்டைகளைப் பற்றியது. ஜெஃப்ரி மோகல் 2003-ல் எழுதிய கட்டுரை, பொதுவாக மூடத்தனமான அந்த யோசனைக்குச் சேமிப்பகத்தில் மட்டும் வேளை வந்திருக்கலாம் என்று வாதிட்டது. சிபியுக்களின் வேகம் அந்த வேளையையும் விழுங்கிவிட்டது. ஐஸ்கசி பயன்படுத்தும் சிஆர்சி32சி என்ற பிழைகாண் கணக்கையே இன்டெல் 2008-ல் நெஹாலெம் சில்லில் தனிக் கட்டளையாகச் சேர்த்துவிட்டது.

வாசிப்பின் தனித்தன்மை

எழுதும்போது டார்கெட் தரவைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, வட்டில் பதியும் முன்பே முடிந்தது என்று பதில் அனுப்பலாம். படிக்கும்போது அந்த வசதி இல்லை. கேட்ட பிளாக் நினைவகத்தில் இல்லாவிட்டால் வட்டு சுழன்று தலை அங்கே வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி, சராசரியாக அரைச் சுற்று, அதோடு தலை நகரும் நேரம் ஏறத்தாழ 8 மில்லிநொடி. சிதறிய இடங்களிலிருந்து நொடிக்கு 80 வாசிப்பு கிடைத்தால் அது ஆரோக்கியமான வட்டு. ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் 320 கிலோபைட்தான். இந்த எண்ணைப் பார்த்து வலையமைப்பைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

எந்தக் கருவியானாலும் கணக்கு ஒன்றே: ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் கோரிக்கையின் அளவால் பெருக்கி, போய்வரும் நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். ஆழக் கிணற்றில் ஒற்றை வாளியால் இறைப்பவருக்குக் கிணற்று வாய் எத்தனை அகலமானாலும் பயனில்லை. அரை மில்லிநொடி போய்வரும் இணைப்பில் 4 கிலோபைட் கோரிக்கையை ஒவ்வொன்றாகக் கேட்டால் நொடிக்கு 2000 கோரிக்கை, அதாவது 8 மெகாபைட். கேபிள் 1 கிகாபிட்டா 10 கிகாபிட்டா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. அதே கோரிக்கைகளில் 32-ஐ ஒன்றாக நிலுவையில் வைத்தால் 1 கிகாபிட் கேபிள் நிரம்பிவிடும்.

லினக்ஸில் வரிசையாகப் படிக்கும் பயன்பாட்டுக்கு உதவுவது முன்வாசிப்பு. அதன் இயல்பு அளவு 128 கிலோபைட். பிளாக்டெவ் கட்டளையில் 512 பைட் அலகில் 256 என்று காட்டும். தொலைவட்டுக்கு இது போதாது. சில மெகாபைட்டுக்கு உயர்த்தியதும் பெரிய கோப்புகளின் வாசிப்பு வேகம் பன்மடங்காவது வழக்கம். தரவுத்தளம் ஓடும் லன்னில் இதைச் செய்யக் கூடாது. வேண்டாத பிளாக்குகள் வந்து நினைவகத்தை அடைத்துக்கொள்ளும்.

தாமத ஒப்புதல்

வாசிப்பு மட்டும் விழும் கோளாறுகளில் அதிகம் பேசப்படுவது தாமத ஒப்புதல். வந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உடனே ஒப்புதல் அனுப்பாமல் சற்றுப் பொறுத்து அனுப்பலாம் என்ற யோசனை 1982-ல் டேவிட் கிளார்க் எழுதிய ஆர்எஃப்சி 813-ல் இருக்கிறது. 1989-ல் ஆர்எஃப்சி 1122 அதற்கு வரம்பு கட்டியது: அரை நொடிக்கு மேல் பொறுக்கக் கூடாது, முழு அளவுப் பாக்கெட்டுகள் தொடர்ந்து வந்தால் இரண்டுக்கு ஒன்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் இந்தப் பொறுமை வழக்கமாக 200 மில்லிநொடி. லினக்ஸில் 40 மில்லிநொடியிலிருந்து தொடங்கும். இதற்கிடையே ஃபோர்டு ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நேகல் 1984-ல் ஆர்எஃப்சி 896-ல் வேறொரு விதியைச் சொன்னார்: முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வராத வரை சிறு பாக்கெட்டை அனுப்பாமல் வைத்திரு. தனித்தனியே இரண்டும் நியாயமானவை. சேர்ந்தால் அனுப்புநர் ஒப்புதலுக்கும், பெறுநர் அடுத்த பாக்கெட்டுக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐஸ்கசியில் நேகல் விதியைப் பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள். ஆனாலும் சிக்கல் வேறு வாசலால் வருகிறது. நெரிசலில் பாக்கெட் தொலைந்ததும் சில சேமிப்பகக் கருவிகள் மீட்பின்போது ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கும். இனிஷியேட்டர் இரண்டாவது பாக்கெட் வரட்டும் என்று பொறுக்கும். 64 கிலோபைட் வாசிப்பு ஒவ்வொன்றிலும் 200 மில்லிநொடி இப்படிக் கழிந்தால் வேகம் நொடிக்கு 320 கிலோபைட். விஎம்வேர் நிறுவனமே இந்தக் குறையை விளக்கி, குறிப்பிட்ட கருவிகளோடு சேரும்போது தாமத ஒப்புதலை அணைக்கும் வழியை வெளியிட்டது. பாக்கெட் பதிவில் தரவுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே 40 அல்லது 200 மில்லிநொடி இடைவெளி திரும்பத் திரும்பத் தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஒப்புதலை உடனுக்குடன் அனுப்பச் செய்வது அறிகுறியை நீக்கும். பாக்கெட் ஏன் தொலைகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

பாக்கெட் தொலையும் இடம்

சேமிப்பகம் 10 கிகாபிட் கேபிளிலும் சர்வர் 1 கிகாபிட் கேபிளிலும் இருப்பது மிகப் பொதுவான அமைப்பு. எழுதும்போது தரவு குறுகிய பாதையிலிருந்து அகன்ற பாதைக்குப் போகிறது, நெரிசல் இல்லை. படிக்கும்போது அகன்ற பாதையிலிருந்து வெள்ளமாக வருவதை சுவிட்ச் தன் சிறு தாங்ககத்தில் பிடித்துவைக்க வேண்டும். மலிவு சுவிட்சுகளில் அந்தத் தாங்ககம் கண்ணிமைப்பதற்குள் நிரம்பி, மிச்சம் கீழே விழும். எழுதுதல் வேகம், வாசிப்பு மந்தம் என்ற புதிரின் விடை பல அலுவலகங்களில் இதுதான். 802.3எக்ஸ் இடைநிறுத்தச் சட்டகங்களை இரு முனையிலும் சுவிட்சிலும் இயக்கிவிடுவது உதவும். சுவிட்ச் போர்ட்டின் வெளியேற்ற இழப்பு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பதே இதற்கு நேரடிச் சோதனை.

வேகத்துக்காக ஈதர்நெட் சட்டகத்தின் 1500 பைட் வரம்பை உயர்த்துவோரும் உண்டு; அந்த 9000 பைட் பெருஞ்சட்டகம் ஐஇஇஇ தரத்தில் இல்லாத வழக்கம். 1500 பைட்டில் 1 கிகாபிட் கேபிளின் பயன் நொடிக்கு ஏறத்தாழ 118 மெகாபைட், 9000-ல் 123, ஆதாயம் அவ்வளவே. இரு முனைகளும் 9000-க்கு ஒத்துக்கொண்டு நடுவிலுள்ள ஒரு சுவிட்ச் மட்டும் 1500-ல் நின்றால் வரும் தொல்லை பெரிது. உள்நுழைவும் சிறு கட்டளைகளும் தடையின்றிப் போகும்; பெரிய வாசிப்பு தொடங்கியதும் இணைப்பு உறையும். துண்டாக்கத் தடையோடு 8972 பைட் பிங் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐந்து மெகாபைட்டுக்காக இந்த ஆபத்தைச் சுமப்பது 1 கிகாபிட் வலையமைப்பில் வீண்வேலை.

இரண்டு கேபிளை எல்ஏசிபி முறையில் இணைத்தால் வேகம் இரட்டிக்கும் என்பது பரவலான தவறு. ஒரு டிசிபி இணைப்பு ஒரு கேபிளில்தான் போகும். ஐஸ்கசிக்கு உரிய வழி பல்வழிப் பாதை, அதாவது ஒவ்வொரு கேபிளிலும் தனி அமர்வு. அதிலும் விஎம்வேரின் சுழற்சிமுறை இயல்பாக 1000 கோரிக்கைக்கு ஒருமுறைதான் பாதை மாற்றும். அதை 1 ஆக்கச் சொல்லும் சேமிப்பக நிறுவனங்கள் பல.

சோதிக்கும் முறை

வலையமைப்பை ஐபெர்ஃப் கருவியாலும், வட்டை டார்கெட்டிலேயே எஃபியோவாலும், பிறகு இரண்டையும் சேர்த்து இனிஷியேட்டரிலிருந்தும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஐபெர்ஃபைச் சேமிப்பகத்திலிருந்து சர்வரை நோக்கி ஓட்ட வேண்டும். எதிர்த்திசை எண் வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. வட்டை வரிசையாகப் படிக்கும் டிடி கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் வருவது சர்வரின் நினைவக வேகம். ஆகவே நினைவகத்தைத் தவிர்க்கும் நேரடி வாசிப்பு விருப்பம் கட்டாயம். இதுவரை எழுதப்படாத பிளாக்குகளைப் படித்தால், தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் சேமிப்பகங்கள் வட்டைத் தொடாமலே பூச்சியங்களை அனுப்பி அதிசய வேகம் காட்டும். ஐயோஸ்டாட் காட்டும் காத்திருப்பு நேரம் டார்கெட்டில் குறைவாகவும் இனிஷியேட்டரில் அதிகமாகவும் இருந்தால் குறை நடுவில் இருக்கிறது. ஒரு சிபியு கோர் மட்டும் நூறு விழுக்காட்டில் நின்றால் வலையமைப்பு அட்டையின் இடைமறிப்புகள் அதன் தலையில் மட்டும் விழுகின்றன.

இன்றைய நிலை

மேகச் சேவைகளில் கேபிளும் சுவிட்சும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2008-ல் வந்த அமேசானின் பிளாக் சேமிப்பகமான இபிஎஸ்ஸில், நகலிலிருந்து உருவாக்கிய வட்டின் ஒவ்வொரு பிளாக்கும் முதல்முறை படிக்கும்போது எஸ்3 என்னும் வேறொரு சேமிப்பகத்திலிருந்து வருவதால் மந்தமாக இருக்கும். அங்குள்ள ஜிபி2 வகையில் 100 கிகாபைட் வட்டு அரைமணி நேரம் நொடிக்கு 3000 கோரிக்கை கொடுத்துவிட்டு, சேமித்த வரவு தீர்ந்ததும் 300-க்கு இறங்கும். 2018-ல் ஏற்கப்பட்ட டிசிபி வழி என்விஎம்இ என்ற நெறிமுறை, பல வரிசைகளை இணையாக ஓட்டுவதால் புதிய அமைப்புகளில் ஐஸ்கசியின் இடத்தைப் பிடித்துவருகிறது, லினக்ஸ் 5.0 முதல் அதற்கான ஆதரவு உண்டு. ஐஸ்கசியின் நடப்பு வரையறை 2014 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 7143.