ஏரி வாரியமும் கணக்கும்: ஊராட்சி குறித்த ஒரு நோக்கு

தனி நகராட்சியாக இயங்கிய பொம்மனஹள்ளி 2007இல் பெங்களூரு பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆட்சி எல்லை விரியுங்கால், கணக்குக் கேட்கும் உரிமை ஊரிடம் எஞ்சுமா என்னும் வினா எழுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இவண் கருதத்தக்கது.

முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 921) இச்சாசனத்தின்படி, 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் தனித்தனியே 12 பேர். ஏரி வாரியத்திற்கு 6 பேர். பணிக்காலம் 360 நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர்.

நிலமும் சொந்த மனையும் உடைய அந்தணர்க்கே இடமளித்த இம்முறையை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடல் பொருந்தாது. எனினும், ஏரியைக் காத்தவரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருந்தனர். எல்லை எத்துணை விரியினும் இக்கடமை ஊராட்சியின் உயிர்நிலை எனலாம்.