கிளை கழித்தல், சங்கிலி வாளால் (கண்டிப் பிரதேசம்)

கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த வீட்டுத் தோட்டங்களிலும் வீதியோரங்களிலும் பெருங்கிளைகளை இயந்திர வாளால் அகற்றும் வேலை. பேச்சில் இந்த வாளைச் ‘செயின்சோ’ என்பர்.

தோட்டமும் தேவையும்

கண்டிய வீட்டுத் தோட்டம் பல அடுக்குகள் கொண்டது. தென்னை, பலா, கித்துள் உயர்ந்து நிற்க, கராம்பும் சாதிக்காயும் நடுவிலும், கோப்பியும் வாழையும் கீழேயும் வளரும். மிளகுக்கொடி பெரும்பாலும் கிளிரிசிடியாவில் படரும். நிழல் மிகுந்தால் மிளகின் விளைச்சல் குறையும் என்பதால் கிளிரிசிடியாவை ஆண்டுதோறும் கழிப்பர்; தழை பசளையாகும். இதற்குக் கத்தியே போதும். கூரைக்கோ வீதிக்கோ மேல் சாய்ந்த பலா, மா போன்றவற்றின் தடித்த கிளைகளுக்கே சங்கிலி வாள் தேவைப்படும்.

சட்டம்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. கழிக்கத் தொடங்கி மரத்தையே வீழ்த்த நேரும் என்றால், முதலில் பிரதேச செயலகத்தை நாட வேண்டும்.

வெட்டும் முறை

தடித்த கிளையை மூன்று வெட்டில் அகற்றுவர். தண்டிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளிக் கீழ்ப்புறத்தில், கிளைப் பருமனில் கால் பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. பாரம் இதில் விழுந்துவிடும். கீழ்வெட்டு இல்லாவிட்டால் விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்றாவது வெட்டு எஞ்சிய குற்றியை நீக்கும். கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் கழுத்தைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். காயத்தை மூடும் திசு அங்கிருந்தே வளர்கிறது. இதை விளக்கியவர் அமெரிக்கத் தாவர நோயியலாளர் அலெக்ஸ் ஷிகோ (1930–2006). வெட்டுவாயில் தாரோ வர்ணமோ பூசுவதால் மரம் விரைவில் ஆறுவதில்லை.

ஆபத்துகள்

வாள் அலகு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் வெட்டுபவரை நோக்கித் துள்ளும். ஆகவே இரு கைகளாலும் பிடித்து, நுனியைக் கவனித்தே வெட்ட வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்துவதும் ஏணியில் நின்று வெட்டுவதும் கூடாது. எட்டாத கிளைக்கு நீள்கோல் வாள் வேண்டும், அல்லது கயிறும் கச்சையும் கட்டி ஏறப் பயின்றவர் வேண்டும். தலைக்கவசம், முகமறைப்பு, காதுமூடி, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைகள் கொண்ட காற்சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து ஆகியன அவசியம். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். மின்கம்பியருகே இருப்பதை மின்விநியோக ஊழியர் இணைப்பைத் துண்டித்த பின்பே தொடலாம்.

மலைச்சரிவில் வெட்டிய துண்டு கீழ்நோக்கி உருளும். வெட்டுபவர் மேற்புறம் நிற்பதும், கீழ்ப்புறத்தில் எவரும் நில்லாதபடி உதவியாளர் காவல் இருப்பதும் வழமை. வீட்டுக்கு மேலுள்ள கிளையை முன்னதாகக் கயிற்றில் கட்டித் துண்டுதுண்டாக இறக்குவர். மழையில் பட்டை வழுக்குவதால் வறண்ட ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே இவ்வேலைக்கு ஏற்றது.