நூறு பேர் கோட்டா முதல் கிரீன் கார்டு வரிசை வரை

சங்க விழாக்களில் இடைவேளைக் காபியோடு நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "என்ன சார், பையனுக்கு கிரீன் கார்டு வந்துடுச்சா?" "எங்கே வருது, இன்னும் 2013லேயே நிக்குதாம்." அமெரிக்கா போன பிள்ளை பதினைந்து வருஷமாய் அங்கே வேலை பார்க்கிறான், வரி கட்டுகிறான், வீடுகூட வாங்கிவிட்டான், ஆனாலும் வரிசையில்தான் நிற்கிறான். இந்த வரிசை யாரோ ஒரு அதிபர் நேற்று வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் வேர் 1965இல் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அதே சட்டம்தான்.

முதலில் கதவு எப்படி மூடியது என்று பார்த்துவிடலாம். 1882இல் சீனத் தொழிலாளர்களை உள்ளே விடக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1917இல் ஆசிய வரைபடத்தின் மேல் ஒரு கோடு கிழித்து, அதற்குள் இருக்கும் நாட்டுக்காரர்கள் வரவே கூடாது என்றது. இந்தியா அந்தக் கோட்டுக்குள் விழுந்தது. முன்பே போய்ச் சேர்ந்திருந்தவர்கள் கதையும் நன்றாக இல்லை. அந்நாளில் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க 'வெள்ளையர்' ஆக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆப்பிரிக்க வம்சாவளி. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மானிடவியல் நூல்கள் என்ன சொன்னாலும் சரி, சாதாரண ஆள் பார்வையில் இவர் வெள்ளையர் இல்லை என்று 1923இல் தீர்ப்பு வந்தது. திண்ட் தரப்பின் வாதமும் இன்று படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: தான் உயர்சாதி, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையரோடு சேர்த்தி என்பது அது. அது ஜெயித்திருந்தாலும் மதுரைக்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் அதில் இடம் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், மனைவி மக்களோடு 1915இல் போய்க் குடியேறியவர். குடியுரிமையும் போய், எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல், 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

1924இல் வந்த சட்டம் ஐரோப்பாவுக்கும் அளவு வைத்தது. எந்த நாட்டு வம்சாவளியினர் அமெரிக்காவில் ஏற்கெனவே அதிகமோ அந்த நாட்டுக்கே அதிக இடம். இத்தாலியரும் கிரேக்கரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் சொற்பமாய் வரட்டும் என்பது கணக்கு. அந்த மசோதாவை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் புரூக்ளினிலிருந்து புதிதாய் வந்திருந்த இமானுவேல் செல்லர். எதிர்த்தார், தோற்றார். அப்போது வயது முப்பத்தைந்து. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷம் கழித்து, இரண்டாம் உலகப் போர் ஒரு சின்னச் சந்தைத் திறந்தது. சீனா அமெரிக்காவின் கூட்டாளி ஆகிவிட்டதால் 1943இல் சீனர் மீதான தடையை நீக்கி, வருஷத்துக்கு 105 பேர் வரலாம் என்றார்கள். "அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா?" என்று கிளம்பினார் ஜே.ஜே. சிங். நியூயார்க்கில் துணி இறக்குமதி வியாபாரம் செய்துவந்த இந்த மனிதர், இந்தியா லீக் என்ற அமைப்பின் தலைவராக வாஷிங்டனில் ஏறி இறங்காத படியில்லை. அவருக்குக் கை கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுத்தாளரும் குடியரசுக் கட்சி உறுப்பினருமான கிளேர் பூத் லூஸ் அம்மையார்; இன்னொருவர் ஜனநாயகக் கட்சியின் செல்லர், அதே செல்லர்தான். 1946 ஜூலை 2ஆம் தேதி அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியர்கள் குடியுரிமை பெறலாம். வருஷத்துக்கு நூறு பேர் புதிதாகக் குடியேறலாம்.

முப்பது கோடிக்கு மேல் ஜனம் இருந்த நாட்டுக்கு நூறு பேர்! சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தச் சட்டத்தின் பெருமை நூறில் இல்லை, குடியுரிமையில் இருந்தது. கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்த தலீப் சிங் சவுந்த் 1949இல் குடிமகனாகி, 1956இல் காங்கிரஸ் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர், நம் மாதிரியே வெளிமாநிலத் தமிழ்க் குடும்பம். அப்பாவின் ரயில்வே உத்தியோகம் காரணமாக 1910இல் லாகூரில் பிறந்தவர். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வான்காட்சி நிலையத்துக்குப் போனார். போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி ஆராய்ச்சிக் கூடத்துக்கு உழைத்தபோதுகூட, குடியுரிமை கேட்கும் தகுதியே சட்டப்படி அவருக்குக் கிடையாது. 1953இல்தான் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

1952இல் குடியேற்றச் சட்டத்தைப் புதுப்பித்தபோது குடியுரிமைக்கான நிறத் தடை எல்லோருக்குமே போயிற்று. ஆனால் கோட்டா அப்படியே நின்றது. பிரிட்டனுக்கு 65,361, ஜெர்மனிக்கு 25,814, அயர்லாந்துக்கு 17,756. மொத்த இடத்தில் பத்தில் ஏழு பங்கு இந்த மூன்று நாட்டுக்கே. இந்தியாவுக்கு அதே 100. இதில் இன்னொரு சூட்சுமமும் வைத்தார்கள். ஐரோப்பியரைப் பிறந்த நாட்டை வைத்து எண்ணினார்கள். ஆசியரை மட்டும் வம்சத்தை வைத்து. லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை பிரிட்டனின் அறுபத்தைந்தாயிரத்தில் வராது, இந்தியாவின் நூறில்தான் வரும். இது அநியாயம் என்று ட்ரூமன் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் அவர் மறுப்பைத் தூக்கி எறிந்துவிட்டுச் சட்டமாக்கியது.

அடுத்த பத்து வருஷத்தில் காற்று மாறியது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிய நாடுகள் பிறந்தன. ரஷ்யாவோடு போட்டி போட்டு அவர்களின் நட்பைத் தேடவேண்டியிருந்த அமெரிக்காவுக்கு இந்த நூறு பேர் கோட்டா வெளியே தலைகாட்ட முடியாத சங்கடமாகிவிட்டது. உள்ளே கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். 1963 ஜூலையில் கென்னடி கோட்டா முறையையே ஒழிக்கச் சொல்லிக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். நவம்பரில் சுடப்பட்டு இறந்தார். ஜான்சன் அதைக் கையில் எடுத்தார். செனட்டில் பிலிப் ஹார்ட், பிரதிநிதிகள் சபையில் நீதித்துறைக் குழுத் தலைவராகிவிட்ட செல்லர். அதனால்தான் இதை ஹார்ட்-செல்லர் சட்டம் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. அரசாங்கத்தின் மசோதாவில் பாதி இடம் படிப்பும் திறமையும் உள்ளவர்களுக்கு என்று இருந்தது. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர் ஒஹையோவின் மைக்கேல் ஃபீகன் அதை விடமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். ஜான்சன் விடாமல் நெருக்கிய பிறகு இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு: திறமைக்கு இல்லை, குடும்ப உறவுக்கே முதலிடம். கடைசியில் 74 சதவீதம் உறவினருக்கு, 20 சதவீதம் படித்தவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும், 6 சதவீதம் அகதிகளுக்கு என்று முடிந்தது. பழமை விரும்பிகளுக்கு இதில் ஒரு நிம்மதி. அமெரிக்காவில் உறவுக்காரர் யாருக்கு இருக்கிறார்கள்? ஐரோப்பியருக்குத்தானே! ஆசியருக்கு அங்கே அண்ணன் ஏது, மாமன் ஏது? ஆக கோட்டா என்ற பெயர் போகும், பழைய கலவை தானாகவே நீடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடியும் 1964இல் துணைக்குழு முன் சாட்சி சொன்னபோது, ஆசியப் பகுதியிலிருந்து முதல் வருஷம் ஐயாயிரம் பேர் வருவார்கள், அதன்பின் அநேகமாக நின்றே போகும் என்றார்.

1965 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 318க்கு 95, செப்டம்பரில் செனட்டில் 76க்கு 18. அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜான்சன் கையெழுத்திட்டார். இது புரட்சிச் சட்டம் ஒன்றும் இல்லை என்று அவரே அங்கே சொன்னார். செல்லருக்கு அப்போது எழுபத்தேழு வயது. 1924இல் தோற்ற வழக்கை நாற்பத்தோரு வருஷம் கழித்து ஜெயித்தார்.

கணக்குப் போட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். போரிலிருந்து மீண்டு வசதியாகிவிட்ட மேற்கு ஐரோப்பியனுக்குக் கப்பலேற அவசியமில்லை. இங்கேயோ மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் ஐ.ஐ.டி.களும் ஆளை உருவாக்கி நிறுத்தியிருந்தன. 1965லேயே அமெரிக்கா முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்ததால் டாக்டர்களுக்குப் பஞ்சம். படித்தவர்களுக்கான அந்தக் குறுகிய வாசல் வழியாக நம்மவர்கள் முதலில் நுழைந்தார்கள். போனவர் மனைவியை அழைத்தார். ஐந்து வருஷத்தில் குடியுரிமை. உடனே அப்பா அம்மா, அவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லை. பிறகு அண்ணன், தங்கை. இத்தாலியப் பாட்டிக்காகப் போட்ட ஏணியில் கும்பகோணத்துப் பாட்டி ஏறிப் போனார்! 1960இல் அமெரிக்காவில் இந்தியாவில் பிறந்தவர்கள் சுமார் 12,000 பேர், 1980இல் 2,06,000, 2019இல் 27 லட்சம். 1977இல் நியூயார்க் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் கண்டது, மறு வருஷமே கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கியது என்றால், பின்னணியில் இருந்தது இந்த ஏணிதான்.

இனி வரிசைக்கு வருவோம். ஒரு நாட்டுக்கு அதிகம், ஒரு நாட்டுக்குக் குறைவு என்ற பழைய பாவத்தைத் தீர்க்க 1965 சட்டம் எல்லா நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு வைத்தது: கிழக்கு அரைக்கோளத்தில் எந்த நாடானாலும் வருஷத்துக்கு 20,000. நூறிலிருந்து இருபதாயிரம், அன்று அது விடுதலை. ஆனால் ஐஸ்லாந்துக்கும் அதே எண், இந்தியாவுக்கும் அதே எண். இதைச் சமத்துவம் என்பதா? நாடுகளை எண்ணினால் சமத்துவம். ஆட்களை எண்ணினால் இல்லை. அன்று யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை, ஏனென்றால் வரிசையே இல்லை.

1990 சட்டம் வேலை வழிக் கிரீன் கார்டுக்கு வருஷம் 1,40,000 என்று வைத்து, எந்த நாடும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. கணக்குப் பார்த்தால் 9,800; அதிலும் மனைவி மக்கள் அடக்கம். மற்றவர்கள் மிச்சம் வைத்தால் கொஞ்சம் சேரும். அதே சட்டம்தான் எச்-1பி விசாவையும் கொண்டுவந்தது. அதற்கு நாட்டு வாரியான வரம்பு கிடையாது. கம்ப்யூட்டர் யுகத்தில் அதில் பெரும்பகுதி இந்தியருக்கே போனது. முன்வாசலில் அளவில்லாமல் விட்டு, உள்வாசலில் ஊசித் துவாரம் வைத்தால் கூடத்தில் கூட்டம் நிற்கத்தானே செய்யும்? நான் பார்த்தவரையில் இந்த வரிசையின் முழு ரகசியமும் இதுதான்.

இந்த வரம்பு பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த ஊரைப் பார்க்கிறது. துபாயில் பிறந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டியவர் மனைவியின் பிறப்பிடத்தைக் காட்டி இந்திய வரிசையைத் தாண்டிவிடலாம். லாகூரில் பிறந்த சந்திரசேகரை இன்றைய விதிப்படி பாகிஸ்தான் கணக்கில் எழுதுவார்கள்!

திருத்த முயற்சி நடக்காமல் இல்லை. 2006இல் செனட்டில் ஒரு பெரிய மசோதா 62க்கு 36 என்று நிறைவேறியும் பிரதிநிதிகள் சபையோடு ஒத்துப்போகவில்லை. 2007இல் செனட்டிலேயே படுத்துவிட்டது. 2013 ஜூனில் வந்தது பலமான முயற்சி. வேலை வழியில் நாட்டு வரம்பையே எடுத்துவிடும் பிரிவு அதில் இருந்தது. செனட்டில் 68க்கு 32. பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. 2025 கடைசியில், முதுகலைப் பட்டதாரிகளுக்கான இந்திய வரிசையில் முறை வந்துகொண்டிருந்தது அந்த 2013ஆம் ஆண்டு விண்ணப்பித்தவர்களுக்குத்தான்.

2019 ஜூலையில் வரம்பை மட்டும் நீக்கும் சின்ன மசோதா 365க்கு 65 என்று பிரதிநிதிகள் சபையில் ஜெயித்தது. செனட்டர் டர்பின் போன்றோர் ஒரு மறுப்புச் சொன்னார்கள்: மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் பல வருஷத்துக்கு இந்தியரே எல்லா இடத்தையும் நிரப்புவார்கள், மற்ற நாட்டுக்காரர்கள் வெளியே நிற்பார்கள். நமக்குக் கசந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தில் அதை ஏற்றது. இரண்டு வடிவங்களையும் இணைப்பதற்குள் 2021 ஜனவரி 3ஆம் தேதி அந்தக் காங்கிரசின் காலம் முடிந்து மசோதாவும் காலாவதியானது.

இதில் அதிகம் அடிபடுவது குழந்தைகள். மூன்று வயதில் அம்மா இடுப்பில் போன பிள்ளை, அப்பாவின் விசாவை ஒட்டிய எச்-4இல் வளர்கிறது. அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே சிநேகிதம். தமிழ் வாரக் கடைசி வகுப்பில் மட்டும். இருபத்தோரு வயது நிறைந்த அன்று அது சட்டத்தின் கண்ணில் 'குழந்தை' இல்லை. கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் அப்பாவின் வரிசையிலிருந்து அதன் பெயர் விழுந்துவிடும். சில சந்தர்ப்பங்களில் வயதைக் கொஞ்சம் கழித்துக் கணக்கிடும் 2002ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. இந்த நீள வரிசையில் பலருக்கு அது போதுவதில்லை. அப்புறம் சொந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவர் விசாவுக்கு மனுப் போடவேண்டும், இல்லையென்றால் தாத்தா பாட்டி இருக்கும் நம் ஊருக்குத் திரும்பவேண்டும்.