காற்று இறங்கும் உயரம்: ஊவாப் படுகையும் தென்னிந்திய மலைகளும்

இலங்கையைத் தென்னிந்தியாவிலிருந்து பிரிந்துபோன ஒரு துண்டாகவும், அதன் மலைநாட்டை மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறு நகலாகவும் காண்பது நம் புவியியல் எழுத்தில் ஊறிப்போன வழக்கம். அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. மத்திய மலைநாட்டின் சார்னோக்கைட், கொண்டலைட் பாறைகளுக்கு இணையானவை கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் கிடக்கின்றன. கொண்டுவானாக் காலத்தில் இவை ஒரே நிலம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தபோது, பாக்கு நீரிணையும் தரையாகவே கிடந்தது. சிகரங்களின் உயரமும் நெருங்கி நிற்கிறது: ஆனைமுடி 2,695 மீற்றர், தொட்டபெட்டா 2,637, பேதுருதாலகால 2,524. ஆனால் பாறையையும் சிகரத்தையும் வைத்து ஒப்பிட்டால் ஊவாப் படுகையிலுள்ள பதுளையில் ஆடி மாதம் ஏன் வறள்கிறது, அந்த வறட்சியில் பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்கு ஏன் விலை கூடுகிறது என்பதற்கு விடை கிடைக்காது. மலையைக் கடந்த காற்று எந்த உயரத்தில் மீண்டும் தரையைத் தொடுகிறது என்பதே இரு நாடுகளின் மலைநிலத்தையும் வேறுபடுத்தும் முதன்மையான கூறு என்பது என் வாதம்.

மேற்குத் தொடர்ச்சி மலை, ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளத்துக்குத் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் எழுப்பிய மதில். தென்மேற்குப் பருவக்காற்று அதன் முகத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே நேராகச் சமவெளிக்கு இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது கோயம்புத்தூர், உடுமலைப் பக்கமும், ஆரல்வாய்மொழி வழியே வருவது முப்பந்தல் பக்கமும் வீசுகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குவதும் தாழ்ந்த நிலத்தையே அடைகிறது. அங்கெல்லாம் பருத்தியும் சோளமும் தென்னையும் திராட்சையும் காற்றாலைகளும் உண்டு, தேயிலை இல்லை. இலங்கையிலோ மலை தீவின் நடுவில் முடிச்சாக நிற்கிறது. ஹோட்டன் சமவெளி, அப்புத்தளை மலைவரிசைகளைத் தாண்டிய காற்று உடனே கிழக்குக் கரையோரச் சமவெளிக்குப் போய்விடுவதில்லை. முதலில் ஊவாப் படுகையில் இறங்குகிறது. பண்டாரவளை 1,200 மீற்றரை ஒட்டி இருக்கிறது. பதுளை ஏறத்தாழ 680. கிழக்கே நமுனுகுல 2,036 மீற்றர் உயர்ந்து நிற்க, உமா ஓயாவும் பதுளு ஓயாவும் வடக்கே மகாவலியை நோக்கி ஓடுகின்றன. 1929 இல் எஃப். டி. அடம்ஸ் இலங்கையின் நிலத்தோற்றத்தை மூன்று அரிப்புச் சமவெளிகளாகப் பிரித்தார், 1940களில் டி. என். வாடியா அந்தப் படிகளுக்குப் பாறைத் தொகுதிகளின் மேலெழுச்சியே காரணம் என்றார். இந்த மூன்று படிகளுள் எதிலும் ஊவாப் படுகை இயல்பாகப் பொருந்துவதில்லை. அதன் தோற்றம் பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், மலைமுகட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் நடுவே அது ஓர் இடைத்தளமாக இருக்கிறது என்பது மாறாது.

இதன் விளைவைக் கணக்கிடுவது கடினமல்ல. மழையை இழந்த காற்று இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடாகிறது. ஹோட்டன் சமவெளியின் 2,100 மீற்றரிலிருந்து வெலிமடைப் பக்கம் வருவதற்குள் ஏறத்தாழ 10 பாகை கூடிவிடுகிறது. ஈரப்பதன் அதற்கேற்பச் சரிகிறது. கச்சான் என்று மக்கள் அழைக்கும் இந்தக் காற்று வீசும் ஜூலை முதல் செப்தெம்பர் வரையான காலமே ஊவாத் தேயிலையின் தரப் பருவம். கொழுந்தின் அளவு குறைகிறது, மணம் செறிகிறது; அந்த மணத்தில் மெத்தில் சாலிசிலேற்றின் பங்கு முக்கியமானது. இது மண்ணின் குணம் அல்லது தொழிற்சாலையின் கைத்திறன் என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கு மலையின் மறுபக்கம் பதில் சொல்கிறது. ஹட்டன் அடங்கிய திம்புள்ளப் பகுதிக்குத் தரப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது வடகிழக்குக் காற்று ஊவாப் பக்கம் ஈரத்தை விட்டுவிட்டு மேற்கே வறண்டு இறங்கும் காலம். பயிர் ஒன்று, செய்முறையும் பெரிதும் ஒன்று. காற்று திசை மாறும்போது பருவமும் பக்கம் மாறுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு நீலகிரியிலிருந்து வரும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் உள்ளவை. பதுளையைப் போலவே ஆண்டின் பிற்பகுதியில்தான் பெருமழை பெறுகின்றன. மண்சரிவின் நாட்காட்டியும் அதையே சொல்கிறது. நீலகிரியின் கிழக்குப் பகுதியைச் சிதைத்த சரிவுகள் 2009 நவம்பரில் நடந்தன. கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்கள் புதைந்தது 2014 ஒக்ரோபர் 29 இல். ஆனால் மூணாறுக்கு அருகே, காற்றுமுகப் பக்கத்தில் உள்ள பெட்டிமுடியின் லயங்கள் புதைந்தது 2020 ஓகஸ்டில். ஆகவே மழையைப் பொறுத்தவரை குன்னூரின் பங்காளி பெட்டிமுடியல்ல, மீரியபெத்த. நாட்டெல்லை இங்கே எதையும் விளக்குவதில்லை. இவ்வளவையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மழையில் ஒத்துப்போகும் குன்னூர் தேயிலையில் ஒத்துப்போவதில்லை. நீலகிரித் தேயிலையின் பேர்பெற்ற பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை, குளிரும் உறைபனியும் சேர்ந்த காலம். மேற்கு விளிம்பில் முக்கூர்த்தி 2,554 மீற்றர். குன்னூர் ஏறத்தாழ 1,850. முகட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான இறக்கம் ஊவாவில் உள்ளதைவிடக் குறைவு. காற்று பெரிதும் இறங்குவது அதற்கும் கீழே, மேட்டுப்பாளையத்துச் சமவெளியில். 11 பாகை வடக்கு அகலாங்கும் கண்டத்தின் குளிர்காலமும் நீலகிரியின் பருவத்தைத் தீர்மானிப்பதில் பங்குகொள்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடைத்தளம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆடிக் காற்றில் தரம் கூடும் தேயிலை ஊவாவுக்கு வாய்த்ததற்கு அது இல்லாமல் விளக்கம் இல்லை என்கிறேன்.

ஊவாவின் பத்தனாப் புல்வெளிகளையும் இதே வாதத்துக்குச் சான்றாக அழைப்பவர்கள் உண்டு. நான் தயங்குகிறேன். வறள்காற்று அவற்றைத் தாங்கி நிறுத்துகிறது என்பது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் சேனைப் பயிரும் மீண்டும் மீண்டும் வைத்த தீயும் அவற்றின் வரலாற்றில் கலந்திருக்கின்றன. மனிதக் கை பட்ட சான்றைக் காலநிலையின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது.

இந்த ஒப்பீட்டின் பயன் வரைபடத்தோடு நிற்பதில்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியேற்றப்பட்டனர். தமிழ்நாட்டு வனத்துறை 1968 இல் தொடங்கி, பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமான தேயிலைத் திட்டத்தின் நோக்கங்களுள் அவர்களுக்கு வேலை கொடுப்பதும் ஒன்று. மலையும் தேயிலையும் பழகியவர்கள், ஆகவே இடமாற்றம் இயல்பாயிருக்கும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது; இரு நாட்டு மலையும் ஒன்று என்ற பாடநூல் எண்ணத்தின் நிர்வாக வடிவம் அது. குடியேற்றம் பெரிதும் நடந்த கூடலூரும் பந்தலூரும் நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் உள்ளவை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே அடைமழை. பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ போனவருக்குக் கச்சான் வீசிய மாதங்கள் மழை மாதங்களாயின, கார்த்திகை மார்கழியின் பெருமழைக்குப் பதில் வறட்சியும் குளிரும் வந்தன. ஹட்டன் பக்கத்திலிருந்து போனவருக்குக் கூடலூரின் மழை நாட்காட்டி புதிதல்ல. எந்த மலையிலிருந்து எந்த மலைக்கு என்று பார்க்காமல், மலைநாட்டார் என்ற ஒரே பட்டியலில் எல்லோரையும் சேர்த்ததால் இந்த வேறுபாடு குடியேற்றத் திட்டத்தின் கண்ணில் படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்காமலே கடந்திருக்கின்றன.